தரை ஆடுவது அங்கே, கடல் வருவது இங்கே

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் மனை, மாடி வீடு கட்டப் போகிறார். கேள்வி நான்கு. ராமநாதபுரம் கடற்கரை பூகம்பம் வரக்கூடிய இடமா? பாம்பனில் கடல் உள்வாங்கியது, தொண்டியில் உள்வாங்கியது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது ஏதாவது அறிகுறியா? வீட்டுக்குக் கூடுதலாகக் கம்பி போட வேண்டுமா? கடைசியாக, தை மாதம் மகளைப் போர்ட் பிளேரில் கட்டிக் கொடுக்கிறார்; அங்கே அடிக்கடி ஆடும் என்கிறார்கள், பெண்ணுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

நான் மண்டபத்துக்காரன். கட்டட வேலை பார்க்கும் பொறியாளன். மூன்று வருஷம் போர்ட் பிளேரில் சைட்டில் இருந்தவன். அதனால் நான்குக்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். உங்களுக்கு உள்ள பெரிய ஆபத்தும் உங்கள் மகளுக்கு உள்ள ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். ஆனால் அவளுக்குக் கிடைப்பது சில விநாடி; உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யார் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த நேர வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில் தரை. கட்டடங்களுக்கான நிலநடுக்க விதிநூல் ஐஎஸ் 1893. அதன் 2016 பதிப்பில் உள்ள வரைபடம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரிக்கிறது. எண்கள் 2, 3, 4, 5. நம் மாவட்டம் 2-இல் வருகிறது, அதாவது இருப்பதிலேயே குறைந்தது. சென்னையும் கோவையும் 3. அந்தமான் நிக்கோபார் முழுக்க 5. இதைக் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்று தோன்றும். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? எண்ணிக்கை 2-இல் தொடங்குகிறது. 1 எங்கே போனது?

முன்பு 1 இருந்தது. "இங்கே ஒன்றும் ஆகாது" என்று முத்திரை குத்திய பகுதிகள் அதில் இருந்தன. மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் உள்ள கில்லாரியும் அதில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை 3.56-க்கு அங்கே 6.2 அளவில் நிலம் ஆடியது. உலகக் கணக்கில் அது பெரிய நடுக்கம் இல்லை. ஆனால் செத்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. காரணம் வீடு. கனத்த கருங்கல் சுவர், இடையில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறும் மண், கூரை மேலே வெயிலுக்காக இன்னும் மண். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுவரும் கூரையும் சேர்ந்து இறங்கின. 2002-இல் விதிநூலைத் திருத்தியபோது மண்டலம் 1-ஐ எடுத்துவிட்டு 2-உடன் சேர்த்துவிட்டார்கள். ஆகவே 2 என்றால் "ஆடாது" என்று அர்த்தம் எடுக்காதீர்கள். "அபூர்வமாக ஆடலாம், லேசாக ஆடலாம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலும் ஆடியிருக்கிறது. 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் 6 அளவுக்கு ஒன்று வந்தது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று; சென்னையில் ஜனம் தெருவுக்கு வந்தது. இந்த எண்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 5-க்கும் 7-க்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டு இல்லை, ஆயிரம் மடங்கு. செய்தியில் சொல்லும் அந்த எண் நடுக்கத்தின் மொத்த சக்திக்கு. உங்கள் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. அது எவ்வளவு தூரம், என்ன மண், என்ன சுவர் என்பதைப் பொறுத்தது. நூறு வாட் பல்பு நூறு வாட்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கூசும், தெருமுனையிலிருந்து பார்த்தால் மினுக்கும்.

தனுஷ்கோடியைப் பூகம்பம் கொண்டுபோனது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்தது புயல். ரயிலை இழுத்துப் போனதும் பாம்பன் பாலத்தைச் சிதைத்ததும் அந்தப் புயலும் அது தள்ளிக்கொண்டு வந்த கடலும்தான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் கரைக்காரர்களின் புத்தி புயலுக்குப் பழகிய புத்தி. பாம்பனில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். காற்று திரும்புவதைப் பார்ப்போம். படகை மேலே இழுத்துக் கட்டுவோம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்வோம். சுனாமிக்கு இதில் ஒன்றும் உதவாது. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும்.

2004 டிசம்பர் 26 அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28-க்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 9.1 அளவில் நிலம் பிளந்தது. பிளவு சுமத்ராவில் தொடங்கி நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே 1,300 கிலோமீட்டர் ஓடியது. அதாவது கன்னியாகுமரியில் தொடங்கிய விரிசல் ஒடிசா வரை கிழிந்தது மாதிரி. நாம் ஏறிக்கொண்டிருக்கும் இந்தியத் தட்டு அங்கேதான் பக்கத்துத் தட்டுக்கு அடியில் போய்ச் செருகுகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளர்கிற வேகம்தான். ஆனால் செருகும் இடம் வழுக்கிக்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்ளும். நூறு, இருநூறு வருஷம் பிடித்து வைத்ததை ஒரே நாளில் விடும்போது மேலே உள்ள கடல்தரை சில மீட்டர் துள்ளி எழுகிறது. அதன் மேல் நிற்கும் தண்ணீர் அத்தனையும் தூக்கப்படுகிறது. அதுதான் அலை.

ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் போகும். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர். கரை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து வேகம் குறையும், உயரம் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். டவுன் பஸ் வேகம் என்றாலும் மணலில் ஓடி நீங்கள் அதை ஜெயிக்க முடியாது. நாகப்பட்டினத்தை அது தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. நிலம் பிளந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு போன், ஒரு மைக் செட் ஆட்டோ போதும். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். சொல்வதற்கு அன்றைக்கு ஏற்பாடே இல்லை.

நம் மாவட்டத்தில் இழப்பு மிகக் குறைவு. காரணம் எளிது: கிழக்கே இலங்கை குறுக்கே படுத்திருக்கிறது. அலையின் நேரடி அடியை அது வாங்கிக்கொண்டது. நமக்கு வந்தது வடக்கே பாக் நீரிணை வழியாகவும் தெற்கே மன்னார் வளைகுடா வழியாகவும் வளைந்து நுழைந்த மிச்சம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான்; அதில் அலையின் பலம் தேய்ந்துவிடும். மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் கொஞ்சம் தாங்கின. இப்படிச் சொன்னதும் "நமக்கு இலங்கை குடை பிடிக்கும்" என்று டீக்கடையில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. குளச்சல் எங்கே இருக்கிறது? குமரி முனையைச் சுற்றி மேற்குக் கரையில். சுமத்ராவைப் பார்த்துக்கூட அது நிற்கவில்லை. ஆனாலும் அலை இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி, குமரியைச் சுற்றி வளைந்து போய் அங்கே நூற்றுக்கணக்கானவர்களை எடுத்தது. பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அலையின் பலம் எந்தப் பக்கம் அதிகம் போகும் என்பது மாறும். போன முறை வந்த வழியிலேயே அடுத்த முறையும் வரும் என்று கடல் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, கடல் உள்வாங்கும் விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கரையில் நடக்கும் பீதியில் முக்கால்வாசி இதனால்தான்.

மண்டபத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் நான் சிறுவனாக இருந்தபோதே இதைப் பார்த்திருக்கிறேன். சில காலைகளில் தண்ணீர் நூறு, இருநூறு அடி பின்னால் போயிருக்கும். நாட்டுப்படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் கிடக்கும். கடல்பாசி காய்ந்து நாறும். நாங்கள் சேற்றில் இறங்கி நண்டு பிடிப்போம். மத்தியானம் தண்ணீர் திரும்பிவிடும். இங்கே ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கடல்தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே நிறையத் தரை தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் அதிகம். அதோடு கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று விடாமல் அடித்தால் தண்ணீர் இன்னும் விலகும். வடகடல் வற்றிக் கிடக்கும் அதே நாளில் தென்கடல் நுரைத்துக்கொண்டு இருக்கும். இது ஆண்டுக்குப் பலமுறை நடக்கும் சங்கதி. 2004-க்குப் பிறகுதான் இது செய்தி ஆனது.

சுனாமிக்கு முன் கடல் உள்வாங்குவது வேறு ஜாதி. மணிக்கணக்கில் இல்லை, நிமிஷக்கணக்கில் நடக்கும். நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கிணற்றில் மோட்டார் போட்டது மாதிரித் தண்ணீர் இறங்கும். ஊர்ப் பெரியவர்களே "இந்த இடம் தெரிந்து நான் பார்த்ததில்லை" என்று சொல்லும் தூரம் போகும். அப்படிப் பார்த்தால் மீன் துள்ளுகிறது, சங்கு கிடக்கிறது என்று இறங்காதீர்கள், திரும்பி நடங்கள். இன்னொன்றும் உண்டு. எல்லாச் சுனாமியும் முதலில் உள்வாங்கிக் காட்டாது. சில கரைகளில் முதலில் வருவதே ஏற்றம்தான். ஆகவே "கடல் உள்வாங்கவில்லை, பயமில்லை" என்பது தப்பான முடிவு. கடலைப் பார்த்து முடிவு செய்வதை விட நிலத்தைப் பற்றி வந்த செய்தியை வைத்து முடிவு செய்வது நல்லது. கள்ளக்கடல் என்று ஓர் எச்சரிக்கையும் வரும். தெற்கே எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து வரும் நீள அலை அது. பூகம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செய்தி எங்கிருந்து வரும்? ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை அவர்கள் பொறுப்பு. இந்தியப் பெருங்கடலில் 6.5-க்கு மேல் ஆடினால் சுமார் பத்து நிமிஷத்துக்குள் முதல் அறிக்கை வந்துவிடும். அதில் மூன்று படி இருக்கிறது, நம் ஆட்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வார்னிங் என்றால் தாழ்வான கரையோரத்தைக் காலி செய். அலர்ட் என்றால் கடலுக்கும் கரைக்கும் போகாதே, மணலை விட்டு விலகு, ஊரைக் காலி செய்யத் தேவையில்லை. வாட்ச் என்றால் அடுத்த அறிக்கைக்குக் காத்திரு. வாட்ச் வந்ததற்கே பெட்டி படுக்கையோடு ஓடியவர்கள் உண்டு. அடுத்த முறை வார்னிங் வந்தால் இவர்கள் நகர மாட்டார்கள், அதுதான் என் கவலை. மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலத்துக்கு 1070. போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நாளை இரவு 8.2 வரப்போகிறது" என்று நாளும் எண்ணும் போட்டு வரும் வாட்ஸ்அப்பை அழித்துவிடுங்கள், நடுக்கத்தை நாள் குறித்துச் சொல்லும் வித்தை உலகத்தில் யாரிடமும் கிடையாது.

2012 ஏப்ரல் 11 மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2.08-க்கு சுமத்ராவுக்கு அப்பால் 8.6. சாயங்காலம் நாலே கால் வாக்கில் இன்னொன்று, 8.2. டிவியில் எச்சரிக்கை ஓடுகிறது. என் மைத்துனர் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். எதற்கு? இன்ஜினைக் கழற்றி எடுத்து வர. அவர் மட்டும் இல்லை, கரையில் முப்பது நாற்பது பேர். வலையைச் சுருட்டுகிறவர், நங்கூரத்தை இறுக்குகிறவர், இவர்களைப் பார்க்க வந்த பையன்கள். புயல் புத்தி. அன்றைக்கு அலை வரவில்லை. அதற்குக் காரணம் நம் புண்ணியம் இல்லை, நிலம் பிளந்த விதம். குளியல் தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து முன்னும் பின்னும் உரசிப் பாருங்கள். மேலே சின்னச் சலசலப்புதான். ஒரு கையை வெடுக்கென்று மேலே தூக்குங்கள். தண்ணீர் தரையில் வழியும். 2012-இல் நடந்தது உரசல். 2004-இல் நடந்தது தூக்கல். ஆனால் எது நடந்தது என்று முதல் பத்து நிமிஷத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால்தான் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு விலக்குகிறார்கள். விலக்கிவிட்டார்களே என்று கோபப்படக் கூடாது.

மைத்துனரிடம் அப்புறம் சொன்னேன்: இன்ஜின் போனால் கடன், நீங்கள் போனால் அக்கா கதி என்ன? சிரித்தார். இப்போது படகுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார், அது ஒரு முன்னேற்றம். கடலில் இருக்கும்போது செய்தி வந்தால் கரையை நோக்கி விரட்டாதீர்கள். ஆழம் உள்ள இடத்தில் சுனாமி படகை ஒன்றும் செய்யாது. துறைமுகத்து வாயிலில்தான் நொறுக்கும். எல்லாம் முடிந்தது என்று அறிவிக்கும் வரை வெளியிலேயே நிற்க வேண்டும். முதல் அலையே பெரிய அலை என்றும் இல்லை, பல மணி நேரம் மாறி மாறி வரும்.

உங்கள் வீட்டுக்கு இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். மேற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி உள்ளே போக எந்தச் சந்து? வயதான அம்மா இருந்தால் எத்தனை நிமிஷம்? நம் கரையில் மலை கிடையாது, ஏறி நிற்க. ராமேசுவரம் தீவில் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான் மேடு. அதனால் பக்கத்தில் உறுதியான மாடிக் கட்டடம் எது, புயல் பாதுகாப்பு மையம் எங்கே, சாவி யாரிடம் என்பதைத் தெரிந்து வையுங்கள். ஒரு மாலை குடும்பத்தோடு நடந்தே போய்ப் பாருங்கள். பைக்கில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லோரும் பைக்கில்தான் வருவார்கள், சந்து அடைத்துக்கொள்ளும்.

இனி வீடு. கூடுதல் கம்பி போட வேண்டுமா என்று கேட்டீர்கள். கூடுதல் தேவையில்லை. போடுகிற கம்பியைச் சரியாகக் கட்டுங்கள், அது துருப்பிடிக்காமல் பாருங்கள். நம் கரையில் கட்டடத்துக்கு முதல் எதிரி பூகம்பம் இல்லை, உப்பு.

கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் தூணுக்குக் கம்பி கட்டியிருந்ததைப் பார்க்கப் போனேன். நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கின் இரண்டு முனையையும் வெறும் எல் மாதிரி மடித்து விட்டிருந்தார்கள். கம்பி கட்டுகிறவரிடம், முனையை உள்ளே தள்ளிக் கொக்கி மாதிரி மடிக்கச் சொன்னேன். "இங்க என்ன சார், பூகம்பமா வரப் போகுது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், மண்டலம் 2-இல் அது கட்டாயமில்லை. ஆனால் பாருங்கள்: தூண் குலுங்கும்போது வெளிக் கான்கிரீட் முதலில் உதிரும். எல் மாதிரி மடித்த ரிங் அப்போது பிரிந்துவிடும். ரிங் பிரிந்தால் நெடுங்கம்பி துடைப்பக்குச்சி போலப் பிதுங்கும், தூண் உட்கார்ந்துவிடும். முனையை 135 டிகிரிக்கு, தூணின் வயிற்றுக்குள் போகும்படி மடித்து, ரிங் கம்பியின் விட்டத்தில் ஆறு மடங்கு, குறைந்தது 65 மில்லிமீட்டர் நீளம் விட்டால் அது பிரியாது. தூணின் அடியிலும் தலையிலும் குறைந்தது ஒன்றரை அடிக்கு, ரிங்குகள் நான்கு அங்குலத்துக்கு மேல் விலகாமல் இருக்கட்டும். ஒரு ரிங்குக்கு அரைச் சாண் கம்பிகூட அதிகம் ஆகாது. செலவு என்றால் பக்கத்தில் நின்று பார்க்கும் உங்கள் நேரம்தான்.

சுவரோடு சமமாக வர வேண்டும் என்பதற்காக 9 அங்குலத் தூண் போடும் பழக்கத்தையும் விடுங்கள். 12 அங்குலம் போடுங்கள், மூலை கொஞ்சம் துருத்தினால் துருத்தட்டும். ஜன்னல் தலைக்கு மேல் வரும் லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல் வீட்டைச் சுற்றிப் பெல்ட் மாதிரி ஒரே தொடராக ஓட்டுங்கள். நாலு சுவரையும் சேர்த்துக் கட்டும் அரைஞாண்கயிறு அது. கில்லாரியில் இல்லாதது அதுதான். மொட்டைமாடியில் ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவரை உயரமாக எழுப்பி நடுவில் தூண் இல்லாமல் விடாதீர்கள். லேசான நடுக்கத்தில் தெருவில் போகிறவன் தலையில் விழுவது அதுதான். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். அதை மாடி ஓரத்தில் வைக்காமல் தூண் மேல் வரும் இடத்தில் வையுங்கள்.

உப்புக்கு வருவோம். கலவைக்கு மனையிலேயே போட்ட போர் தண்ணீரை ஊற்றுவார்கள். நம் கரையில் அது பாதி கடல். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது; லேபில் கொடுத்துப் பாருங்கள், மிஞ்சினால் வண்டித் தண்ணீர் வாங்குங்கள். மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வாயில் போட்டு உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கள், வெட்கப்படாதீர்கள். கம்பிக்கு வெளியே கான்கிரீட் எவ்வளவு கனம் என்பது முக்கியம். கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் என்பது விதி. நம் ஊரில் ஜல்லிக்கல்லை அடியில் செருகி முக்கால் அங்குலத்தில் முடித்துவிடுகிறார்கள். பத்து வருஷத்தில் சன்ஷேட் வெடித்துக் கம்பி பல்லைக் காட்டுவது அதனால்தான். அந்த நிலையில் உள்ள வீடு 5 அளவு நடுக்கத்துக்கே பயப்பட வேண்டிய வீடு. முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்லில்) கட்டிய பழைய ஓட்டு வீடுகள் வேறு விஷயம். அழகானவை, வெயிலுக்குக் குளுகுளு என்று இருக்கும். ஆனால் அந்தச் சுவர் சுண்ணாம்பின் பிடியில்தான் நிற்கிறது, சுண்ணாம்பு உதிர்ந்திருந்தால் பூச வேண்டும்.

மண்ணையும் பாருங்கள். கடல் ஓரத்து ஈர மணலில் ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றித் தட்டியிருப்பீர்கள். சற்று நேரத்தில் தண்ணீர் மேலே ஊறும், மணல் கஞ்சி ஆகும், கால் இறங்கும். பலமாகக் குலுங்கினால் வீட்டுக்கடியிலும் அதே கதைதான். அரைக் கிலோமீட்டர் என்றால் உங்கள் மனையில் ஐந்தாறு அடியிலேயே தண்ணீர் வரும் என்று நினைக்கிறேன். அஸ்திவாரம் போடும் முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். தூண்களைத் தரை மட்டத்தில் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்தரம் வைத்து ஒன்றோடொன்று கட்டுங்கள்.

இப்போது உங்கள் மகள். போர்ட் பிளேர் மண்டலம் 5. 2004-இல் அந்த ஊரே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தெற்கே நிக்கோபார் கோடியில் உள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கின் அடி தண்ணீரில் நின்றது. அங்கே சின்ன நடுக்கம் வந்தால் பேச்சை நிறுத்தக்கூட மாட்டார்கள்.

2009 ஆகஸ்ட் 11, இரவு 1.25. போர்ட் பிளேருக்கு வடக்கே 250 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, 7.5. நான் வாடகை வீட்டின் முதல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். முதலில் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணு என்றன. எலி என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்துக் கட்டில் பக்கவாட்டில் நகர்ந்தது. நிலத்துக்குள் ஓடிவரும் அதிர்வில் முன்னால் வருவது வேகமான அலை, அது டம்ளரை மட்டும் தட்டும். பின்னால் வருவதுதான் உலுக்கும். டம்ளருக்கும் உலுக்கலுக்கும் நடுவில் கிடைத்த அந்த இடைவெளிதான் உங்கள் மகளுக்கு உள்ள மொத்த அவகாசம். நான் அதை எலியை நினைத்து வீணாக்கினேன். கரண்ட் போனது. கீழ் வீட்டு அக்கா, தமிழ்க் குடும்பம்தான், இருட்டில் வெறுங்காலோடு கதவுக்கு ஓடினார்; சாமி படக் கண்ணாடி உடைந்து தரையெல்லாம் கிடந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் ஏற்பட்ட ஒரே காயம் அவர் பாதத்தில்தான். ஐந்து தையல்.

அதனால் பெண்ணுக்குச் சொல்லும் முதல் விஷயம் செருப்பு. கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் எப்போதும் இருக்கட்டும். கட்டிலைப் பரணுக்கு அடியில் போடக் கூடாது. நம் வீடுகளில் பரணில்தான் அண்டாவும் குத்துவிளக்கும் இருக்கும். சீர் வரிசையில் கொடுக்கும் பித்தளை எல்லாம் கீழ்த் தட்டுக்கு. பீரோவைச் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கிவிட வேண்டும். தலைமாட்டில் கண்ணாடிப் படம் வேண்டாம். கேஸ் ரெகுலேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கப் பழக வேண்டும். ஆட்டம் நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை அது. ஆடும்போது ஓடக் கூடாது. உட்கார்ந்து, மேசைக்கடியில் புகுந்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். மேசை இல்லையென்றால் உள்சுவர் ஓரம், தலையணையைத் தலைக்கு மேல். மாடிப்படியில் ஓடுவதுதான் மோசம், முதலில் விட்டுப்போவது படிக்கட்டுதான். பழைய கல் வீடு, தரைத்தளம், வாசல் நாலடியில் என்றால் வெளியேறுவது மேல். ஆனால் கான்கிரீட் வீட்டில் இருக்கிறவர் இதைச் சாக்காக வைத்து ஓடக் கூடாது. ஆண்ட்ராய்டு போனில் நிலநடுக்க எச்சரிக்கை 2023-லிருந்து இந்தியாவில் வேலை செய்கிறது. செட்டிங்கில் போட்டுவிடச் சொல்லுங்கள், சில விநாடி கூடுதலாகக் கிடைக்கலாம்.

அங்கே இன்னொரு விதி: நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, லேசாக இருந்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடாமல் ஆடினாலோ, போன் வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஆட்டமே அறிவிப்பு. நின்றவுடன் மேட்டுக்கு. போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர், பத்து நிமிஷ நடையில் உயரம் கிடைக்கும். அந்த இரவு நாங்கள் எல்லோரும் மேட்டுத் தெருவில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம். யாரோ ஃபிளாஸ்கில் கட்டங்காப்பி கொண்டுவந்தார்கள். பிறகு எச்சரிக்கை விலகியது. சுமத்ராவை ஒட்டி சிமெயுலுவே என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே இப்படி அலை வந்து ஏராளமானவர்கள் போனார்கள். மிஞ்சியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: பலமாக ஆடினால், கடல் விலகினால், மலைக்கு ஓடு. 2004-இல் பிளவுக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள அந்தத் தீவில் இறந்தவர்கள் ஒற்றை இலக்கத்தில். சைரனோ போனோ இல்லை, பாட்டிதான் சொல்லியிருந்தாள்.

வீடு பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்று கேளுங்கள், கூச்சப்படாமல். அடுக்குமாடியாக இருந்து, கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்த வெறும் தூண்களாக விட்டு, மேலே மட்டும் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? அப்படி என்றால் வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள். 2001-இல் குஜராத் நடுக்கத்தில் அகமதாபாத்தில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தவற்றில் அந்த மாதிரிக் கட்டடங்கள் அதிகம். வாடகை நானூறு ஐந்நூறு கூடினாலும் பரவாயில்லை.

எல் கிளாம்ப் அங்கேயும் கிடைக்கும், ஆனால் எல்லாம் கப்பலில் வருவதால் விலை கூட. சீர் சாமானோடு ஒரு டஜன் கட்டி அனுப்பிவிடுங்கள்.